பெட்டி போகாத வரப்பு

கிளியனூர் காலனி
23.11.86

அன்பு மகன் சின்னப்பனுக்கு அம்மா எழுதுவது. அப்பா, தங்கச்சி, நான் மூவரும் மாதா புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே விடாத மழை, மல்லாட்டைச் செடியைப் பிடுங்குமுன் கடலையெல்லாம் கொல்லையிலேயே முளைத்துவிட்டது, யாருக்கும் கூலி வேலை இல்லை. பால்வாடிக் கூரை ஒழுகுவதால் பிள்ளைகளைக் கோயிலில் உட்காரவைத்துத்தான் சோறு போடுகிறேன்.

பூமாலைப் பெரியம்மா போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள். சாவை விட அடக்கம்தான் என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்து வயல்காரன் தேவநாதனின் ஆட்கள் நம் கல்லறைப் பாதையை உழுது நாற்று நட்டுவிட்டார்கள். காலனியில் எல்லாச் சாவுக்கும் எடுக்கிற கோயில் பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும், வரப்பில் ஒருவர்தான் நடக்கலாம், வயலில் கால் வைத்தால் வெட்டுவோம் என்று அவர்கள் நின்றார்கள். கடைசியில் பெட்டியை ரோட்டோரம் இறக்கிவிட்டு, பெரியம்மாவைப் பாயில் சுற்றி அப்பா ஒருவராகவே தோளில் சுமந்து போனார், வழியில் சறுக்கி விழுந்து சேறோடு எழுந்தார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்தப் பெட்டிக்கு வார்னிஷ் அடித்தவள் அவள்தான், அவளுக்கே அதில் போகக் கொடுத்துவைக்கவில்லை.

இந்தப் பாதைக்காகத்தான் உன் எம்.பி. சக்கரபாணி வக்கீலாக இருந்தபோது அப்பா பெயரில் கேஸ் போட்டார். நீ அப்போது சின்னப் பையன். கருப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி அவரே பாதையை அளந்தார், திண்டிவனம் முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தும் கொடுத்தார், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் கேஸில்தான் அவருக்குப் பேர் வந்தது. காலனி ஓட்டெல்லாம் வாங்கி யூனியன் சேர்மன் ஆனார், எம்.எல்.ஏ. ஆனார், போன தேர்தலில் பார்லிமெண்டுக்கே போனார், உன்னையும் வீட்டு வேலைக்கு டெல்லிக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு தேர்தலிலும் அப்பாவை மேடையில் ஏற்றி நிறுத்திப் பாதைக் கதையை மைக்கில் சொன்னார். ஆனால் தேவநாதன் போட்ட அப்பீல் விழுப்புரம் சப் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாகக் கிடக்கிறது. இப்போது தேவநாதன் அவர் கட்சி, இந்தப் பக்கத்து ஓட்டெல்லாம் அவன் கையில். நம் பிணங்களைச் சொல்லித்தான் அவர் ஓட்டு வாங்கினார், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அடக்கம் முடிந்த பிறகு, அவர் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் வந்திருப்பது தெரிந்து நானும் அப்பாவும் போனோம். மண்டபத்து வாசலில் எங்களைப் பார்த்ததும், வாய்யா ராயப்பா, உம் பையன் டெல்லி சப்பாத்திய தின்னுக்கினு உருண்டுட்டான்யா என்று எல்லோரும் சிரிக்கும்படி சொன்னார். அப்பா விஷயத்தைச் சொன்னார். ராஜியாகப் போய்விடலாம், ஏரிக்கரையைச் சுற்றிப் போக தேவநாதன் வழி விடுவான், இந்த நடவு அறுக்கிற வரைக்கும் ஒரு போகம் பொறுங்கள் என்றார் எம்.பி. அப்பா நிமிர்ந்து, "சாவு போகம் பாத்துக்கினா வருதுங்க?" என்று கேட்டார். அதற்கு அவர் சிரிக்கவில்லை. "உம் பையன் எங்க வூட்லதான் கீறான், அத்த நெனச்சிப் பேசு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

அதனால் விழுப்புரத்தில் விருத்தாசலம் என்று வேறொரு வக்கீலைப் பார்த்தோம். கேஸை நடத்துகிறேன் என்கிறார். ஆனால் பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று புது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அவர் கோர்ட்டில் நிற்க முடியுமாம். கோர்ட்டில் மனுப் போட்டும் கேட்கலாம், அதற்கு நாளாகும், பொங்கல் கழித்து வாய்தா, அதற்குள் எம்.பி.யின் ஜூனியர் பழைய வக்காலத்தை வைத்து ராஜி எழுதிக் கொடுத்துவிட்டால் பாதை போனது போனதுதான். திண்டிவனத்து ஆபீஸில் கேட்டால் ஐயா டெல்லியில் இருக்கிறார் என்கிறார்கள். அங்கே அவர் பக்கத்தில் நமக்கென்று இருப்பவன் நீ ஒருவன்தான்.

வக்காலத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா அனுப்பக்கூடாது என்றார், பிள்ளையின் சோற்றில் மண் போடாதே என்று கோபித்தார், இந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற சம்பளம் உன்னுடையதுதான் என்பது எனக்கும் தெரியும். இருந்தும் அவருக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். எம்.பி. தனியாக இருக்கும்போது கொடு, ஆட்கள் முன்னால் நீட்டாதே, குரலை உயர்த்தாதே. அவர் கையெழுத்துப் போட்டால் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. போடமாட்டேன் என்றால் கெஞ்சாதே, துணிமணியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறு, இங்கே கேப்பைக் கூழாவது இருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொண்டு படு. ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருக்காதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் நினைவில் வை. கொடுக்க உனக்குத் தைரியம் வரவில்லை என்றால் அதை அப்படியே எழுது, நான் திட்டமாட்டேன், அப்பாவிடமும் சொல்லமாட்டேன். கொடுத்தேன், அவர் போடவில்லை என்று பொய் மட்டும் எழுதாதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அம்மா
ரா. சவுரியம்மாள்