நூறாவது ரப்பர் கொட்டை

என் ஒரே அண்ணனுக்கு,

உன் மகள் நூறு வரை எண்ணப் படித்துவிட்டாள். நீ சந்தோஷப்படுவாய். நான்தான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ போன மறுநாள் நான் சொன்ன பொய் உனக்குத் தெரியாதே. உன்னை அடக்கம் செய்யும்போது அபிஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். நாலு வயதுப் பிள்ளை பெட்டியைப் பார்த்தால் பயந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் காலையில் வந்து, அப்பா எங்கே என்று கேட்டாள். உன் பெண்டாட்டி, என் மைனி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அப்பா கல்ஃபுக்குப் போயிருக்காவ மக்கா" என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் பாதி வீட்டு அப்பாக்கள் அங்கேதானே கிடக்கிறார்கள். என் வீட்டுக்காரரே கத்தாரில்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார்கள், சாக்லேட்டோடு வருவார்கள். அதனால் அவள் அழவே இல்லை. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டாள். நூறு நாள் என்றேன். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வரைதான் தெரியும். அதற்கடுத்து இருபத்திப்பத்து என்பாள். நூறு அவளுக்கு எட்டவே எட்டாது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே தோட்டத்தில் போய் மடி நிறைய ரப்பர் கொட்டை பொறுக்கி வந்தாள். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் தினம் ஒரு கொட்டை போடுவாள். காலையில் பல் தேய்க்கும் முன்னே டக் என்று ஒரு சத்தம் கேட்கும். மூன்று மாதம் ஆன ஒருநாள், அவள் பள்ளிக்குப் போன நேரம், டின்னைக் கவிழ்த்து எண்ணினேன். தொண்ணூற்றொன்று இருந்தது. இன்னும் ஒன்பதே நாள். இருபது கொட்டையை அள்ளி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு வாராவாரம் அதுவே வேலையாகிவிட்டது. ஏழு மாதமாகியும் அந்த டின் நூறைத் தொடவில்லை.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும் என்பார்களே. என் வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் இவள் போனைப் பிடுங்கி, "மாமா, எங்க அப்பா அங்க உண்டா?" என்று கேட்பாள். பாவம், அந்த மனிதருக்கு நாக்கு குழறிவிடும். அப்பா வேறே கம்பெனி, ரொம்பத் தூரம் என்று ஏதோ உளறுவார். அவள் அவருக்குப் பின்னால் நடந்து போகிற ஆட்களையெல்லாம் உற்றுப் பார்ப்பாள்.

பிள்ளை மட்டும்தான் உன்னைத் தேடுகிறாள் என்று நினைக்காதே. ரப்பர் பால் வெட்டும்போது நீ மரத்தைச் சத்தமாக எண்ணிக்கொண்டே போவாயே. இப்போது உன் வரிசையை வெட்ட வருகிறவர் வாயே திறப்பதில்லை. ஆனாலும் நான் அடுப்பு பற்றவைக்கும்போது ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து உன் குரல் கேட்கிறது. நூற்றிப்பதினெட்டு, நூற்றிப்பத்தொன்பது என்று எண்ணுகிறாய். அணலிப் பாம்பு கடித்ததை முள் குத்தியது என்று நினைத்து, வரிசையை முடித்துவிட்டுத்தானே வீட்டுக்கு வந்தாய். எந்த மரத்தில் கடித்தது அண்ணே? அதற்குப் பிறகு எத்தனை மரம் வெட்டினாய்? இதை நான் யாரிடம் போய்க் கேட்க?

போன மாதம் பள்ளியில் டீச்சர் கூப்பிட்டு விட்டார். மற்ற பிள்ளைகள் நூறு சொல்கின்றன, இவள் இருபத்தொன்பதைத் தாண்டவில்லை, பாம்பும் ஏணியும் வாங்கி விளையாட விடுங்கள், தானாகப் படித்துவிடுவாள் என்றார். ஏணி சரி. பாம்பையும் நூறையும் ஒரே அட்டையில் வைத்து என் கையில் தருகிறாரே என்று நினைத்துக்கொண்டே கோட்டாறுக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் ஏழெட்டு அட்டையை விரித்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் கண்ணை உருட்டிக்கொண்டு பாம்புகள். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தேன். பாம்பு இல்லாதது இருக்கிறதா என்று கேட்டேன்.

"பாம்புன்னா படையும் நடுங்கும், சரி. அட்டையில கெடக்க பாம்புக்குமா?" என்று சிரித்தார். அவர்மேல் என்ன தப்பு? அவருக்கு உன்னைத் தெரியாது.

லூடோ எடுத்துக் காட்டினார். அதில் ஆறுக்கு மேல் எண்ண வேலையில்லை. பல்லாங்குழி காட்டினார். ஒரு குழியிலிருந்து அள்ளி மற்ற குழிகளில் போடுகிற ஆட்டம். மூன்று மாதமாக நான் ஆடுவதும் அதுதானே என்று தோன்றியது, கீழே வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் எண்ணப் படிக்காமலே இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். என் பொய்க்காகப் பிள்ளை மக்காக இருக்க வேண்டுமா? அப்புறம் எனக்கே வெட்கமாகி, பாம்பு அட்டையையே வாங்கினேன். கூடவே பூ ஸ்டிக்கர் ஒரு தாளும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பாம்பின் வாயிலும் ஒரு பூ ஒட்டினேன். அட்டைப் பாம்பின் வாயை அடைக்கத் தெரிந்த எனக்கு என் வாயை அடைக்கத் தெரியவில்லை.

கெட்டிக்காரி அண்ணே, உன் மகள். இரண்டே வாரத்தில் நூறைப் பிடித்துவிட்டாள். நாலு காய் எடுப்பாள். அவளுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, உனக்கு. உனக்கும் அவளே கட்டை உருட்டுவாள். உனக்கு ஆறு விழும்வரை உருட்டிக்கொண்டே இருப்பாள்.

இன்று சனிக்கிழமை, பள்ளி லீவு. மத்தியானம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் அட்டையை விரித்து, டின்னைக் கொட்டி, கட்டத்துக்கு ஒரு கொட்டையாக வைக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுபத்துமூன்றில் கொட்டை தீர்ந்துவிட்டது. மேலே காலியாகக் கிடந்த கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, போன சனிக்கிழமை எழுபத்தெட்டு இருந்துது" என்றாள்.

எனக்குக் கையில் பிடித்த மீன் வழுக்கி விழுந்தது. கொட்டை எங்காவது உருண்டு போயிருக்கும் மக்கா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கோபமே இல்லை. பெரிய மனுஷி மாதிரி என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்:

"இல்ல அத்தை. அப்பாதான் வந்து எடுத்துட்டுப் போறாவ. நம்மகிட்ட வர அப்பாவுக்கு மனசில்ல."

அண்ணே, பால் வெட்டின கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து இவள் எழுந்துவிட்டாளா என்று பார்ப்பாயே. உன்னைப் பற்றியா இந்தப் பேச்சு? நீ செத்ததை மறைப்பதாக நினைத்து, பிள்ளை வேண்டாம் என்று ஓடிப்போன ஆளாக உன்னை ஆக்கி வைத்திருக்கிறேன். அந்த அணலி உன் உயிரைத்தான் எடுத்தது. நான் உன் பிள்ளையிடமிருந்து உன்னையே எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் மைனி அண்டி ஆபீசில் முந்திரி உடைத்த கறுத்த கையோடு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டின்னிலிருந்து நான் எடுத்தது அவளுக்கும் இன்றுதான் தெரியும். திட்டுவாள் என்று நின்றேன். ரொம்ப நேரம் கையையே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சொல்லுவோம்" என்றாள். "நான் அவளப் பிடிச்சுக்கிடுதேன். நீ சொல்லு."

இதை எழுதும்முன் அட்டையிலிருந்த பூக்களையெல்லாம் உரித்துவிட்டேன். பசை ஒட்டியிருந்தாலும் பாம்புகள் நன்றாகத் தெரிகின்றன. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த கொட்டைகள் முழுவதையும் டின்னில் போட்டாயிற்று. மூடி மூட முடியவில்லை.

நாளை ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறோம். டின்னும் வரும். அவள் எண்ணட்டும். நூறுக்கு மேல் என்ன என்று கேட்டால் அதையும் சொல்லிக் கொடுப்பேன். கொட்டையை எடுத்தது நீ இல்லை, நான் என்றும் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் போகலாம், முகத்தில் முழிக்காமலும் போகலாம். போகட்டும். என்னை வெறுத்துக்கொள்ளட்டும் அண்ணே, உன்னை வெறுக்க நான் விடமாட்டேன்.

உனக்கு அடுத்துப் பிறந்த வாயாடி,
உன் தங்கச்சி ஷீபா