சாப்பாட்டு மேசையில் ஒரு கிளை

மார்ச் 3, செவ்வாய்
பல் வைத்தியர் நாற்காலிகள் மூன்று பழுதுபார்க்க வந்தன. ஒன்று மேலே போனால் கீழே வர மறுக்கிறது, என்னைப் போல. மதியத்துக்குள் பணிய வைத்துவிட்டேன்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். ஆடிட்டர். என் மகளைக் கட்டிய நாளிலிருந்து என் கணக்கையும் கட்டிக்கொண்டு அழுகிறவர். "அத்தை, வாயாடி விஷயம் கொஞ்சம் சிக்கல்" என்றார்.

வாயாடி என் விற்பனைக்காரி. நான் பழுதுபார்த்த பழைய நாற்காலியைப் புதிதைவிடப் புதிது என்று பேசி விற்பவள். கல்யாணமாகி எல்லைக்கு அந்தப் பக்கம் போன பிறகும், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எனக்கு வேலை செய்கிறாள். அவள் பெயரில் காப்பீடு, ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்புச் சந்தாவை இங்கே ஒழுங்காகக் கட்டுகிறேன். அதுதான் தப்பாம்! உட்கார்ந்து வேலை செய்கிற நாட்டில் கட்ட வேண்டுமாம்.

"சம்பளம் கொடுக்கிற நான் இங்க இருக்கேனே?"

"நீங்க இருக்கீங்க அத்தை. அவங்க அங்க இருக்காங்களே."

முகம் தெரியாத சர்க்காருக்கு ஒரு காசு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 4
இன்னும் கோபம்தான்.

மார்ச் 12, வியாழன்
அடுத்த குண்டு. போன வருஷம் வாயாடிக்குக் 'கிளை மேலாளர்' என்று கார்டு அடித்துக் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் உரிமையும் கொடுத்தேன். கெத்தாக இருக்கட்டுமே! அதனால் அவள் மேசை என் கம்பெனியின் கிளை ஆகிவிட்டதாம். அங்கே வருகிற லாபத்துக்கு அங்கே வரி. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிளை அலுவலகம்!

"பேரம் பேசுறதையும் கையெழுத்தையும் நீங்களே வெச்சுக்கங்க" என்றார் மாப்பிள்ளை.

வாயாடியைப் பேசாதே என்பதா? கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் என்னிடம் இல்லை.

மார்ச் 19, வியாழன்
வாயாடி போன் செய்தாள். இரண்டு நாற்காலி விற்ற கதையை முதலில் அளந்தாள். பிறகுதான் சொன்னாள், முழுகாமல் இருக்கிறாளாம். எனக்கு வாயெல்லாம் பல்.

"ஆஸ்பத்திரியில காப்பீட்டு எண் கேக்கறாங்கம்மா. இங்க எனக்கு எண்ணே இல்லை."

"நான்தான் கட்டியிருக்கேனே!"

"நீங்க அங்க கட்டினீங்க. நான் வலி வந்ததும் பஸ் ஏறி வரவா?"

சிரித்தாள். சிரித்தபடியே, "உள்ளூர் கம்பெனி ஒண்ணு கூப்பிடுது. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்" என்றாள்.

சந்தா ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். நான் சட்டப்படிதானே இருந்தேன்? எந்த நாட்டுச் சட்டப்படி?

மார்ச் 20
மாப்பிள்ளையை வரவழைத்தேன். "கிளைதானே? முறையாப் பதிஞ்சுடுங்க. சந்தாவும் அங்கயே கட்டுங்க."

"கையெழுத்து உரிமையைத் திரும்ப வாங்கிட்டா செலவு குறையும் அத்தை..."

"நீங்க கணக்கைப் பாருங்க மாப்பிள்ளை. என் கிளையைப் பார்க்காதீங்க."

அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாமாம். இரண்டு நாட்டுக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்ல விட்டாத்தானே?"

மாப்பிள்ளைக்கு வாய் நீண்டுவிட்டது. மகளிடம் சொல்லிவைக்க வேண்டும்.

மே 8
எண் வந்துவிட்டது. வாயாடி அதைப் போனில் பாட்டாகவே பாடினாள். உள்ளூர்க்காரனுக்கு டாட்டா காட்டிவிட்டாளாம். இங்கே கட்டிய சந்தாவைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டாயிற்று. கேட்டிருப்பது நான். விடுவேனா?

செப்டம்பர் 24, வியாழன்
பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். ஆஸ்பத்திரி செலவும் விடுப்புச் சம்பளமும் அந்த ஊர்ச் சந்தா நிதியிலிருந்து. முகம் தெரியாவிட்டாலும் சர்க்கார் பரவாயில்லை.

வாயாடி திரும்பும்வரை கிளைக்கு வரும் அழைப்பெல்லாம் எனக்குத்தான். அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன்: வணக்கம், நாற்காலி, விலை, முடியாது.

இன்று நாலாவதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியே ஒரு நாற்காலி விற்றேன்.