காற்று போகிற இடுக்கு

மலைமுகாம்
காற்று மாதம் 3

அக்கா,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், விஷயத்துக்கு வருகிறேன். இந்த மலை தினமும் ஒரு முழம் வளர்கிறது. அடியில் நெருப்பு தள்ளுகிறது, மேலே காற்று அராவுகிறது. அராவிய மண் ஒரு பாறை இடுக்கு வழியாகக் கிளம்பி உன் கொடித்துணியில் வந்து உட்காருகிறது. கடிதம் தவறாமல் புலம்புவாயே, அந்த மண்தான். இடுக்கைச் சுவர் வைத்து அடைத்துவிட்டேன். ஒரு பருவம் அளந்து பார்த்துவிட்டுக் கட்டச் சொன்னார் தலைமைப் பொறியாளர். காற்றில் அளக்க என்ன இருக்கிறது?

உன் அவசரக்குடுக்கை

ஆற்றங்கரை
மழை மாதம் 10

அன்புத் தம்பிக்கு,

வேளைக்குச் சாப்பிடு. துணி பளிச்சென்று காய்கிறது. "உன் தம்பி கெட்டிக்காரன்டி" என்றார் மாமா.

ஒன்று சொல்கிறேன், பதறாதே. ஆறு தினமும் கரையைக் கடிக்கும், காற்று கொண்டுவரும் மண் அந்தப் பள்ளத்தை நிரப்பும். இப்போது கடிப்பது மட்டும் நடக்கிறது. நம் சமையலறை போய்விட்டது. தையல்காரருக்கு வீடே போய்விட்டது. குடும்பத்தோடு நம் கூடத்தில்தான் படுக்கிறார்கள். "எந்தக் கட்டையில போறவன் காத்த அடைச்சான்?" என்று அவர் மனைவி கேட்கும்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. உன் நீலச் சட்டை பத்திரம்.

அக்கா

மலைமுகாம்
மழை மாதம் 14

அக்கா,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். உன் அடுப்பு ஆற்றோடு போயிருக்கிறது, நீ என்னைச் சாப்பிடச் சொல்கிறாய். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தலைமைப் பொறியாளரும் திட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அந்தக் கட்டையில போறவன் நான்தான் என்று அவர்களிடம் சொல்லிவிடு. இல்லை, சொல்லாதே. நானே வந்து சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு வருவது? அவர்கள் படுத்திருக்கும் கூடத்தைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டும்?

சுவரை நானே இடிக்கிறேன். நன்றாகத்தான் கட்டித் தொலைத்திருக்கிறேன், கடப்பாரை வளைகிறது.

தம்பி

ஆற்றங்கரை
மழை மாதம் 27

தம்பி,

விடிந்ததும் கொடியைப் பார்த்தேன். உன் நீலச் சட்டை முழுக்க மஞ்சள் மண். மாமா எடுத்து உதறப் போனார். "விடுங்க, அப்படியே கிடக்கட்டும்" என்றேன்.

தையல்காரரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். நீ பேசும்போது பக்கத்தில் நிற்கிறேன், உனக்காகப் பேச மாட்டேன்.

சட்டையை வந்து நீயே உதறு.

அக்கா