எதிர்ப்பக்கமாக நடந்தது

புரட்டாசி 17, வெள்ளி

காலையில் மப்பு. மழை இல்லை. வாங்க வேண்டியது: புளி, அவருடைய மாத்திரை, வாசல் கேட்டுக்குப் புதுப் பூட்டு.

பெங்களூர் மகள் என் போனில் கதை கேட்கும் ஆப் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் உயிர் பிழைத்து வந்தவர்கள் கதை. கடலில் தனியாக மிதந்தவன், பனியில் மாட்டிக்கொண்டவள். "கேளும்மா, தைரியம் வரும்" என்கிறாள். திருவண்ணாமலையில் எனக்கு எந்தப் பனி? ஆனாலும் வெங்காயம் உரிக்கும்போது கேட்கிறேன். அழுதாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

18, சனி

வெயில் ஜாஸ்தி. அவர் காபியைக் குடித்துவிட்டு, காபி எங்கே என்றார். மறுபடி கொடுத்தேன், சர்க்கரை கம்மியாக. மறதி இனி ஏறத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று சொந்தத் தம்பி பேர் வரவில்லை. என்னை இன்னும் மறக்கவில்லை. எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான்.

இன்றைய கதையில் காட்டில் வழி தப்பிய பெண். அவள் ஓடவில்லை. உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகுதான் யோசித்தாள். நானாக இருந்தால் முதலில் கத்தியிருப்பேன்.

20, திங்கள். பௌர்ணமி

எங்கள் செங்கம் ரோட்டில் மத்தியானமே கூட்டம். வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பூட்டு இன்னும் வாங்கவில்லை.

சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் அவர் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து அவர் தம்பி குமார் ஓடி வந்தார். மாடி, குளியலறை, பின்பக்கம், எங்கும் இல்லை.

"செருப்பு இங்கதான் கெடக்குது அண்ணி. வெளிய போயிருக்க மாட்டாரு."

கத்தல் தொண்டை வரை வந்தது. உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். இவளுக்கு என்ன ஆச்சு என்பது போலக் குமார் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. பௌர்ணமி. செருப்பில்லாமல். மலை சுற்றப் போயிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பௌர்ணமி தவறாத ஆள்.

அவர் போன வழியிலேயே குமார் கிளம்பினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பின்னால் போனால் தெரிவதெல்லாம் முதுகுதான். முகம் பார்க்க வேண்டுமானால் எதிரே போக வேண்டும். மலையை இடப்பக்கம் வைத்து இந்த ஊரில் யாரும் சுற்ற மாட்டார்கள். ஊருக்குள் புகுந்து, சுற்று முடிகிற ஈசான்ய லிங்கம் பக்கமாக நடந்தேன். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"ஏம்மா, திரும்பி வர்றியே, பாவம்மா!"

"வீட்டுக்காரரக் காணோங்க."

அப்படிச் சொன்னதும் வழி விட்டார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தாள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. கிடைத்துவிட்டார். தூங்குகிறார்.

21, செவ்வாய்

தூறல். பூட்டு வாங்கியாயிற்று. கால் வீக்கம்.

நேற்று விட்டது. குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த முகம் தெரிந்தது. நெற்றியில் விபூதி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, நிதானமான நடை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மெதுவாக விலக்கிக்கொண்டார்.

"எதிர்ல வர்றீங்களேம்மா. மல சோத்தாங்கை பக்கம் இருக்கணும். திரும்பிக்கோங்க."

என்னை அவர் வாங்க போங்க என்று பேசியதே இல்லை. நடுரோட்டில் நின்று அழுதேன். பிறகு திரும்பிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன். குமாருக்கு போன் செய்து சொன்னேன். கதைகளில் ஆள் கிடைத்ததும் கைதட்டுகிறார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று ஒன்றிலும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் என் பேர் கேட்டார். சரோஜா என்றேன்.

"எங்க வீட்லயும் அதே பேருதாங்க. தேடிக்கினு இருப்பா. சீக்கிரம் போவணும்" என்று எட்டி நடை போட்டார்.