கிரஷரில் தண்ணீர் தெளித்த நாள்

மாப்பிள்ளை,

இன்று சாயங்காலம் கொசு பேட்டில் ஒரு கொசு 'பட்'டென்று பொரிந்தது. பேட்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எண்பதுகளின் கடைசியில் பாலக்கோட்டுச் சாலையில் கல் உடைக்கும் கிரஷருக்கு நீங்கள் கொண்டுவந்த லேசர் கருவியும் இப்படித்தான் பேசும்.

என் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு, நான் கேட்டேன் என்று பெங்களூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வேன் வைத்து ஏற்றி வந்தீர்கள். அதன் கனம் தாங்காமல் பூமியே தொப்பூர்ப் பக்கம் சாய்ந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தேன்.

"லேசரை ஒரு புள்ளியில குவிப்போம், மச்சான். வெறுங்காத்துன்னா சும்மா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒண்ணு சிக்குனா, கொதிச்சு, பிளாஸ்மாங்கற பொறியா 'பட்'டுனு வெடிக்கும். பொறியை எண்ணுனா தூசியை எண்ணுன மாதிரி" என்றீர்கள்.

அங்கே கல் சுமக்கும் ஞானம்மா இருமி இருமி இளைத்திருந்தாள். "தூசியா? எங்க சார்? காட்டுங்க, அப்புறம் தினமும் தண்ணி தெளிக்கறேன்" என்று, அவளுக்காகக் கேட்கப் போன என்னிடம் கிரஷர் முதலாளி சவால் விட்டிருந்தார். அவருக்குக் காட்டத்தான் இத்தனை பாடும்.

கருவியை முடுக்கினீர்கள். மூச்சுக் காட்டவில்லை. எப்போதோ ஒரு 'பட்'. முதலாளி சிரித்தார். உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கீழே குனிந்தேன். தரை முழுக்க ஈரம்.

"பெங்களூர் சார் வராருன்னு நாங்கதானுங்க தெளிச்சோம்" என்றாள் ஞானம்மா, பெருமையாக. "விருந்தாளி வர்ற எடம் புழுதியா கெடந்தா நல்லாவாங்க இருக்கும்?"

நீங்கள் கோபிக்கவில்லை. தரை காயும்வரை வேன் நிழலில் படுத்திருந்தீர்கள். மத்தியானம் மறுபடி முடுக்கியதும் கேட்டதே, ஈரேழு உலகத்துக்கும் ஒரே சட்டியில் சோளம் பொரித்த சத்தம்! "பாத்தீங்களா, தண்ணிதான் மருந்து!" என்று குதித்தீர்கள். "நல்லாப் புரிஞ்சுதுங்க சார்" என்றார் முதலாளி.

நன்றாகத்தான் புரிந்துகொண்டார். அதன்பின் அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் தண்ணீர் வண்டி வந்தது. மறுவருடம் நீங்கள் வந்தபோது ஞானம்மா வேலையை விட்டிருந்தாள். நாலடி நடக்க மூச்சில்லை. "கருவி பொய் சொல்லலை, மச்சான்" என்றீர்கள். எங்கள் வீட்டில் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள்.

இப்போது நீங்களும் இல்லை. நான் விடும் கதைகளைக் கேட்க ஆளில்லை, விடவும் தெம்பில்லை. சாலையோரம் எங்காவது தரை புதிதாக நனைந்திருந்தால் மட்டும் கால் நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறேன்:

"இன்னைக்கு யாருங்க வராங்க?"