துல்கரேமில் குடித்த காப்பி

பிப்ரவரி 4

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே. இன்று ஒப்பனை அறையில் தனியாக இருந்தபோது கண்ணாடியைப் பார்த்து சல்யூட் அடித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இஸ்ரேல் ராணுவச் சீருடையில், ஹைஃபா வாதி நிஸ்னாஸில் பிறந்து வளர்ந்த ஜிரியெஸ் என்கிற அரபிக்காரன். மூன்றாவது சல்யூட்டின்போது திர்த்சா உள்ளே வந்துவிட்டாள். சிரிக்கவில்லை. "கை இன்னும் கொஞ்சம் மேல போகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். டைரக்டர் புத்தி.

அப்பா இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

எல்லாம் திர்த்சாவின் சட்டம்தான். நாடகத்தில் யூதர் அரபியாகவும் அரபி யூதராகவும் நடிக்க வேண்டும். அடுத்தவன் சட்டைக்குள் புகுந்து பாடினால்தான் மனசு இறங்குமாம். எனக்குச் சட்டை இறங்குவதே கஷ்டமாக இருக்கிறது. நான் சிப்பாய். ராணுவச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், பாலஸ்தீன ஊரான துல்கரேமிலிருந்து வரும் ரிஹாப் என் தாய். அவளுக்கு முப்பத்துநாலு, மகனுக்கு ஐம்பத்துமூன்று. ஒப்பனைக்காரிதான் பாவம்.

பிப்ரவரி 9

பொத்தான் பாட்டு இன்று கூடிவந்தது. முதல் சரணத்தில் தாய், காவலுக்குப் போகும் மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுப் பாடுகிறாள். இரண்டாவது சரணத்தில் அதே மெட்டு, அதே விரல்கள் – மாடிப்படிக்கு எதிர்வீட்டு அரபிப் பையனின் உடம்பு, அடக்கம் பண்ணுவதற்கு முன்னால். பெற்றவளால் முடியவில்லை, இவள் போய்ப் போட்டுவிடுகிறாள். ரிஹாப் இரண்டாவது சரணத்தில் குரலை உயர்த்தவே இல்லை. பியானோக்காரர் நடுவில் நிறுத்திவிட்டார். ஆசாப் (யூதன், அரபி டிரைவராக வருகிறவன், ஒட்டு மீசை) மீசையைப் பிய்த்துக்கொண்டு வெளியே போனான்.

இடைவேளையில் பின்கதவில் நின்று ரிஹாப்பும் நானும் எள்ளு ரொட்டி தின்றோம். "மகனே, வயித்த உள்ள இழு, பொத்தான் தெறிச்சு என் கண்ணுல பட்டா மறுபடி பெர்மிட் தர மாட்டாங்க" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

சாவடி தாண்டி இந்தப் பக்கம் வர அவளுக்குத் தரும் அனுமதிச் சீட்டு மாலை ஏழு மணியோடு தீர்ந்துவிடும். அதனால்தான் எங்கள் நாடகம் நான்கு மணிக்கு. பார்க்க வரப்போவது பென்ஷன்காரர்கள்தான்.

பிப்ரவரி 12

எவனோ அயோக்கியன் ஒரு போட்டோவைப் பரப்பிவிட்டிருக்கிறான். பின்கதவு. சீருடையில் நான், பக்கத்தில் ரிஹாப், இரண்டு பேரும் வாயெல்லாம் பல். கீழே எழுத்து: துல்கரேம் மருமகள் சிப்பாயோடு.

பிப்ரவரி 13

ரிஹாப் ஒத்திகைக்கு வரவில்லை.

பிப்ரவரி 15

போனில் பேசினாள். பெண்பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். யாரோ வாசல் கதவில் சாயம் ஊற்றியிருக்கிறார்கள். கணவன் நல்லவன், ஆனால் அவன் அப்பா ஹாஜி முத்லக் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, நாடகம்னு நான் சொன்னா யாரும் நம்பல. ஒரே ஒரு தடவை வாங்க. சீருடை இல்லாம வாங்க. அது நீங்கதான், நீங்க நம்ம ஆளுன்னு மாமனார் எல்லார் முன்னாடியும் சொல்லணும். அவர் சொன்னா ஊரு கேக்கும்."

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

பிப்ரவரி 16

ஆசாப்பைத்தான் சந்தேகப்படுகிறேன். எப்போதும் கையில் போன். போன வருடம் ஒளியமைப்புப் பெண்ணின் விவாகரத்தைக் கோர்ட்டுக்கு முந்தி எங்களுக்குச் சொன்னவன் அவன்தான் (நானும் நாலு பேரிடம் சொன்னேன், அது வேறு விஷயம்). நேராகவே கேட்டுவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நெஜமாவா கேக்குற, ஜிரியெஸ்?" என்றான். அப்புறம் திரும்பிப் போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு.

பிப்ரவரி 23, வெள்ளி

துல்கரேமுக்கு ஆறு பேர் போனோம். பெரியப்பா மகன் எலியாஸ் அண்ணன் தலைமை. எழுபது வயது, கோட்டு சூட்டு, யார் வீட்டுச் சண்டையானாலும் அவர்தான் தூது. திர்த்சா தானும் வருவேன் என்றாள். ஊருக்குள் இஸ்ரேலியர் வரக்கூடாது என்று சிவப்புப் பலகை இருக்கிறது (எங்களை மாதிரி அரபிகளைக் கண்டுகொள்ள மாட்டார்கள்), அதோடு யூதப் பெண் ஒருத்தி வந்து நின்றால் ஊர் வாயைக் கிளப்பப் போட்டோவே தேவைப்படாது. சாவடிக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பங்கில் காத்திருந்தாள்.

எலியாஸ் அண்ணன் வழியெல்லாம் பாடம் நடத்தினார். "காப்பி வைப்பாங்க. தொடாத. நான் நம்ம கோரிக்கைய சொல்லி, அவரு சரின்னு சொன்ன பிறகுதான் குடிக்கணும். அதுக்கு முந்தி குடிச்சா வந்த காரியம் முடிஞ்சதா அர்த்தம், அப்புறம் எதுவும் கேக்க முடியாது. தெரியும்ல?" எனக்கு ஐம்பத்துமூன்று வயது, எத்தனை பெண் கேட்கும் கூட்டம் பார்த்திருக்கிறேன் என்றேன்.

ஹாஜி வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர். ரிஹாப் உள்ளே. எல்லார் முன்னாலும் சின்னக் கிண்ணத்தில் கசப்புக் காப்பி. ஒருத்தரும் தொடவில்லை. அந்த அமைதி இருக்கிறதே – எனக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. எலியாஸ் அண்ணன் ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே எழுந்து, அந்தச் சிப்பாய் நான்தான், படத்தை எவனோ திருட்டுத்தனமாக எடுத்துவிட்டான் என்றேன். ஒரு ஆள் சந்தேகமாகப் பார்த்தார். அவருக்காக, அந்தச் சீருடைக் கால்சட்டையின் கொக்கி மாட்ட இரண்டு பேர் தேவைப்படும் கதையைச் சொன்னேன். ஒருத்தர் சிரித்தார். பிறகு ஐந்து பேர். சாவடியில் நிஜச் சிப்பாய் ஒருவன் என்னிடம் பெல்ட் எங்கே வாங்கினாய் என்று கேட்டதாக ஒரு பொய் சேர்த்தேன். கூடமே சிரித்தது. ஹாஜியின் மீசைகூட அசைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தொண்டை காய்ந்திருந்தது.

எடுத்துக் குடித்துவிட்டேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்த பிறகுதான் கூடம் அடங்கியிருப்பது தெரிந்தது. எலியாஸ் அண்ணன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

ஹாஜி மெதுவாக எழுந்தார். "குடிச்சிட்டீங்க. நல்லது. உங்க மரியாதைக்கு எந்தக் குறையும் இல்ல. வந்த காரியம் முடிஞ்சது."

"ஹாஜி, நாங்க இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே" என்றார் எலியாஸ் அண்ணன்.

"கேக்க வேண்டியத உங்க தம்பி குடிச்சிட்டாரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. மருமகளுக்காக ஊரைப் பகைக்கவும் முடியாமல், கெஞ்சி வந்தவர்களை மறுக்கவும் முடியாமல் மனிதர் வழி தேடிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துவிட்டவன் நான். வாசல்வரை வந்து கைகொடுத்து அனுப்பினார். மாடி ஜன்னலில் யாரோ நின்ற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்ரோல் பங்கில் திர்த்சா எங்கள் முகத்தைப் பார்த்ததும் காரை விட்டு இறங்கவில்லை.

பிப்ரவரி 24

என்ன மனுஷன்டா நீ. ஒரு அஞ்சு நிமிஷம் வாய மூடிட்டு இருக்க முடியாதா.

பிப்ரவரி 27

திர்த்சா இன்று காலை ஆறு மணிக்கே சாவடிக்குப் போய் நின்றிருக்கிறாள், வழக்கமாக ரிஹாப்பை ஏற்றிக்கொள்ளும் இடத்தில். யாரும் போகச் சொல்லவில்லை, ரிஹாப் வருவாள் என்று நினைப்பும் இல்லை. பதினோரு மணிவரை நின்றுவிட்டு வந்து ஒத்திகையை ஆரம்பித்தாள். ரிஹாப்புக்காக அவள் வாங்கிப்போன எள்ளு ரொட்டிப் பொட்டலத்தை ஆசாப் பிரித்துச் சாப்பிட்டான், அப்புறம் ஸாரி என்றான்.

இரவு ரிஹாப் கூப்பிட்டாள். வந்ததற்கு நன்றி சொன்னாள். திட்டியிருக்கலாம். "ரெண்டாவது சரணம் யாரு பாடினாலும் சத்தமா பாட வேணாம்னு சொல்லுங்க அண்ணே" என்றாள். பிறகு, இனிமேல் இந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டாம் என்றாள்.

மார்ச் 8

வேறு அரபிப் பெண் யாரும் அந்த வேஷத்துக்கு வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். கடைசியில் திர்த்சாவே தாயாக நின்றாள். யூதத் தாய்க்கு யூதப் பெண். அந்த இடத்தில் சட்டம் உடைந்ததும் மற்ற வேஷங்களிலும் உடைந்தது. ஆசாப் சிப்பாய், நான் டிரைவர். அவனுக்குச் சீருடை அளவாக இருக்கிறது, அவன் ராணுவத்தில் இருந்தபோது போட்ட சொந்தச் சட்டையே. அவரவர் சட்டைக்குள் அவரவர்.

அனுமதிச் சீட்டுப் பிரச்சினை இல்லை, அதனால் ஆட்டம் இரவு எட்டுக்கு மாறியது. அரங்கு நிரம்பிவிட்டது. திர்த்சா இரண்டாவது சரணத்தை ஓங்கிப் பாடினாள். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம், இப்போதுதான் நம்புகிற மாதிரி இருக்கிறது என்றார்.

மேடைக்குப் பின்னால் திர்த்சா அரைமணி நேரம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். "நல்லாத்தானே போச்சு" என்றேன். "அதான்" என்றாள்.

மார்ச் 11

அரங்கு வாசலில் மாட்ட ரிஹாப் இருக்கிற பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று திர்த்சா கேட்டாள். போனில் தேடினேன். நல்ல படம் ஒன்றுதான் இருந்தது, அந்தப் பின்கதவுப் படம். ஆசாப் எடுத்தது, என் போனில், நான் கேட்டுக்கொண்டதால். மறந்தே போயிருந்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். மறக்கவில்லை.

பிப்ரவரி 9, மாலை 5.20. போனில் எங்கள் சொந்தக்காரர்கள் குழு, நாற்பத்தோரு பேர். படத்துக்குக் கீழே, "பாருங்க, யாரு வந்திருக்கான்னு." பதினான்கு பேர் சிரித்திருக்கிறார்கள். அனுப்பியவர் பெயர் வரும் இடத்தில் ‘நீங்கள்’ என்று இருக்கிறது.