பையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்

வீட்டு மகாராணிக்கு,

உன் அடிமை சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் பாராசூட் மடிக்கிற இடத்தில் இன்று எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. விமானத்திலிருந்து குதிக்க வந்த ஒரு பெண்ணை, கனத்த உடுப்போடு உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அவள் தள்ளாடினாள். மேலாளர் பாவியோ, "மேல போனா ஜில்லுனு ஆயிடும், பையைக் குடுய்யா" என்றான். பாராசூட் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி குடிச்சு, நிழல்ல இருந்துட்டு, நாளைக்குக் காலைல குதிக்கட்டும். அவசரம்னா நீ குதி, பை இல்லாம!" என்றேன்.

கத்தினான், ஆனால் அவளை நிழலுக்கு அனுப்பினான். வேலை போகவில்லை, பயப்படாதே. கோபம்தான் இன்னும் போகவில்லை.

என் துண்டை நனைத்து அவள் தலையில் போட்டேன், துண்டு திரும்பி வரவில்லை. இரண்டு துண்டு அனுப்பு. நீயும் மத்தியானத்தில் மாடிக்குத் துணி காயப்போடப் போகாதே. மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க நான் அங்கே இல்லை.

தபால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் வீட்டுக்காரன்